ஹெச்.எம். அறையில் எழுதிய கடிதம்

2021 செப்டம்பர் 1ஆம் தேதி பள்ளி திறந்தபோது, ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சை எழுதாமலே வீட்டுக்குப் போன பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பு பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். எட்டாம் வகுப்பு அவர்களுக்குப் போனிலும் கல்வித் தொலைக்காட்சியிலுமாகக் கழிந்திருந்தது. பையன்களுக்குக் குரல் உடைந்திருந்தது. பழைய யூனிஃபார்ம் யாருக்கும் பத்தவில்லை. சில பெண்பிள்ளைகள் வரவே இல்லை. விசாரித்தால் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறாள் என்றார்கள், ஒருத்திக்குக் கல்யாணமே முடிந்திருந்தது. கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் இடைப்பட்ட கரிசல் ஊர். அரசு உயர்நிலைப் பள்ளி. நான் அங்கே அறிவியல் ஆசிரியை, ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையும்கூட.

மறுபடி லாக்டவுன் வந்தால் என்ன செய்வது என்று வகுப்புக்குப் புது வாட்ஸ்அப் குரூப் தொடங்கச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொருவராக நம்பர் சொன்னார்கள். முதல் பெஞ்ச் பிள்ளை ஒருத்தி மட்டும், "எங்க வீட்ல போன் இல்ல டீச்சர்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முந்தின வருடம் ஆன்லைன் வகுப்புக்கு அட்டென்டன்ஸ் போட்டதில் ஒருநாள்கூடத் தவறாத பிள்ளை அவள். அவளுடைய அப்பா லோடு வேன் ஓட்டுகிறவர். போன் இல்லாமல் அவருக்குப் பிழைப்பே நடக்காது. சரி, ரீசார்ஜ் செய்ய வசதியில்லையாக்கும், நாலு பேர் முன்னால் சொல்லக் கூச்சப்படுகிறாள் என்று மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் குறித்து வைத்துக்கொண்டேன்.

அவள் பெயரை நான் எழுத மாட்டேன். பாதிக்கப்பட்ட பிள்ளையை அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடக் கூடாது என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் எழுதியிருக்க மாட்டேன். ஊரில் அவள் பெயரைச் சொல்லிச் சொல்லியே தேய்த்துவிட்டார்கள்.

பெண்பிள்ளைகளுக்கு நாப்கின் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அரசின் புதுயுகம் திட்டத்தில் வரும் பாக்கெட்டுகளை லேப் பீரோவில் வைத்திருப்பேன். வேண்டியவர்கள் வந்து வாங்கிக்கொண்டு, நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். இந்தப் பிள்ளை ஒரே மாதத்தில் திரும்பத் திரும்ப வந்தாள். வாங்கிய பிறகும் போகாமல், பீக்கரைத் துடைக்கட்டுமா, சார்ட்டை மாட்டட்டுமா என்று நின்றுகொண்டிருப்பாள். உடம்புக்கு ஏதோ என்றுதான் முதலில் பயந்தேன். நோட்டில் தேதிகளைப் பார்த்தபோது எல்லாமே ஒரே கிழமைகளில் விழுந்திருந்தன. அந்தக் கிழமைகளில் கடைசி பீரியடுக்குப் பிறகு கணக்கு ஸ்பெஷல் கிளாஸ்.

கணக்கு சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் அவருக்கு இருந்த மரியாதை ஹெச்.எம்.முக்கே கிடையாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை என்.எம்.எம்.எஸ். தேர்வுக்குத் தயார் செய்வதில் கெட்டிக்காரர். அந்தத் தேர்வில் தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் ஆயிரம் ரூபாய் வீதம் வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு வரும். தீப்பெட்டி ஆபீஸில் எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிற வீட்டில் அது பெரிய பணம். லாக்டவுன் காலத்திலும் அவர் விடவில்லை. போனிலேயே பாடம் நடத்தினார். டேட்டா தீர்ந்துபோன பிள்ளைகளுக்குத் தன் கைக்காசில் ரீசார்ஜ் போட்டுக் கொடுத்தார். ஸ்டாஃப் மீட்டிங்கில் அதைச் சொல்லி அவரைப் பாராட்டியும் இருக்கிறோம். இந்தப் பிள்ளை அந்தத் தேர்வில் தேறியவள்.

எங்கள் சத்துணவு அக்கா பள்ளிக்கூடத்துக்கு ஆறாம் வகுப்போடு முழுக்குப் போட்டவர். அவர்தான் ஒருநாள் வந்து, "டீச்சர், அந்தப் புள்ள வாளி கழுவ வாறேன் வாறேன்னு என் பின்னாடியே சுத்துது. கணக்கு வாத்தியாரு அந்தப் பக்கம் வந்தா அடுப்படிக்குள்ள போயிருது. என்னன்னு கேளுங்க" என்றார். போன் இல்லை என்றது, நாப்கின் நோட்டு, அக்கா சொன்னது, மூன்றும் அன்றைக்குத்தான் எனக்கு ஒன்றாகச் சேர்ந்தன.

நான் எதையும் தோண்டிக் கேட்கவில்லை. மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனமான டயட்டில் நடந்த பயிற்சி ஒன்றில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள்: பிள்ளை வாயில் வார்த்தையைத் திணிக்காதே, அவளாக வரும் வரைக்கும் பக்கத்தில் இரு. அடுத்த முறை வந்தபோது ரெக்கார்டு நோட்டுகளை அடுக்கச் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "டீச்சர், ஒரு மெசேஜ அழிச்சிட்டா, அத வேற யாராச்சும் திரும்ப எடுத்துப் பாக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"யாருக்கு வந்த மெசேஜ்?"

"எங்க சித்தி மகளுக்கு."

"அவ பயந்து போயிருக்காளா?"

"ம்."

"அவ தப்பு ஒண்ணும் செய்யலன்னு நான் சொன்னேன்னு சொல்லு. அனுப்பினவங்க மேலதான் தப்பு."

நோட்டுகளை இன்னும் கொஞ்சம் அடுக்கினாள். பிறகு, சித்தி மகள் கிடையாது, நான்தான் என்றாள். சொல்லத் தொடங்கும் முன், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணச் சொல்லிக் கையை நீட்டினாள். அந்தச் சத்தியத்தை நான் செய்யவில்லை. "உன்னக் காப்பாத்தணும்னா ஒண்ணு ரெண்டு பேர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட சொல்றேன்னு உனக்குத் தெரியாம சொல்ல மாட்டேன்" என்றேன். கையை எடுத்துக்கொண்டாள். எழுந்து போய்விடுவாள் என்றே நினைத்தேன். போகவில்லை.

என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. ரீசார்ஜில் தொடங்கி, ராத்திரி நேரத்து மெசேஜாகி, "அப்பாவிடம் காட்டினால் உனக்குத்தான் அடி, ஸ்காலர்ஷிப்பும் போய்விடும்" என்ற மிரட்டலாகி, பள்ளி திறந்த பிறகு ஸ்பெஷல் கிளாஸ் முடிந்த வராந்தாவில் அவள் உடம்புக்கு வந்திருந்தது. அவள் போன பிறகு, அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே, என் வார்த்தை ஒன்றும் கலக்காமல், தேதியும் நேரமும் போட்டு எழுதிக் கையெழுத்திட்டு பீரோவில் வைத்தேன். அன்று மாலையே குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்தேன். அதன் பிறகு ஹெச்.எம். அறைக்குப் போய்ச் சொன்னேன்.

இந்த வரிசைதான் பின்னால் என் மேல் பெரிய குற்றமாக வந்தது.

"மொதல்ல எங்கிட்டல்ல சொல்லியிருக்கணும்? நாம விசாரிச்சு, உண்மைன்னு தெரிஞ்சா மேல கொண்டு போயிருக்கலாம்."

"விசாரிக்க வேண்டியது நாம இல்ல சார்."

"அவருக்கும் பொட்டப்புள்ள இருக்கு டீச்சர்."

பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று அமலுக்கு வந்தது. வருடா வருடம் அந்த நாளில் நாங்கள் மிட்டாய் கொடுத்தோம், மாறுவேடப் போட்டி வைத்தோம். சட்டம் என்ன சொல்கிறது என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டிருந்தால் "கடுமையான தண்டனை" என்பதற்கு மேல் பதில் வந்திருக்காது. அதன் 19ஆவது பிரிவு உண்மையைக் கண்டுபிடித்துவிட்டு வா என்று யாரையும் கேட்கவில்லை. குற்றம் நடந்தது என்று தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், போலீஸிடம் சொல்லிவிட வேண்டும் என்கிறது. சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத் தலைவர் தனக்குக் கீழ் இருப்பவர் செய்ததை மறைத்தால் ஓர் ஆண்டு வரை. நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் எந்த வழக்கும் வராது. இத்தனையும் ஹெச்.எம்.மிடம் சொன்னேன். சரி சரி என்று தலையாட்டினார்.

மறுநாள் காலை நான் வேறொரு வகுப்பில் இருந்தபோது அவளுடைய தோழி ஓடி வந்தாள். "டீச்சர், அவள ஹெச்.எம். ரூமுக்குக் கூப்பிட்டுட்டாக."

அந்த வருடம் மே மாதம் சென்னையில் ஒரு தனியார் பள்ளியின் பழைய மாணவிகள் தங்களுக்கு நடந்ததை இணையத்தில் எழுத, ஓர் ஆசிரியர் கைதானார்; அடுத்தடுத்து வேறு பள்ளிகளின் பெயர்களும் வந்தன. ஜூனில் அரசு விதிமுறை வெளியிட்டது. பள்ளிதோறும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று. எங்கள் பள்ளியிலும் பெயர்களை எழுதிக் கையெழுத்து வாங்கி ஃபைலில் போட்டிருந்தோம். அந்தக் குழுதான் இப்போது விசாரணை கமிட்டியாகக் கூடியிருந்தது. ஹெச்.எம்., பி.டி.ஏ. தலைவர், சீனியர் ஆசிரியர்கள் இருவர், பெண் வேண்டும் என்பதற்காக ஓர் ஆசிரியை. நடுவில் அந்தப் பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. கணக்கு சார் உள்ளே இல்லை. ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். அவர் குரல் உள்ளே கேட்டது.

நான் உள்ளே போனபோது எல்லாம் முடிந்திருந்தது. மேஜையில் ஒரு வெள்ளைத்தாள். சார் நல்லவர், பாடம் சம்பந்தமாகத்தான் மெசேஜ் அனுப்பினார், நான் தப்பாகப் புரிந்துகொண்டேன், இதை யாரும் சொல்லி நான் எழுதவில்லை என்று அவள் கையெழுத்தில் இருந்தது. பிழையே இல்லாத கடிதம். ஹெச்.எம். அதில் பள்ளி முத்திரை வைத்து, தேதி போட்டுக்கொண்டிருந்தார். "முடிஞ்சு போச்சு டீச்சர், புள்ளையே எழுதிக் குடுத்திருச்சு" என்றார் பி.டி.ஏ. தலைவர். அந்த ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நான் ஒண்ணும் மிரட்டல. நல்லா யோசிச்சுச் சொல்லு பாப்பா, ஒரு குடும்பமே நடுத்தெருவுக்கு வந்திரும்னுதான் சொன்னேன்" என்றார்.

இவர்களைக் கெட்டவர்கள் என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். பி.டி.ஏ. தலைவர் நாயாய் அலைந்து பள்ளிக்குக் காம்பவுண்டு சுவர் வாங்கித் தந்தவர். ஹெச்.எம். தன் சம்பளத்தில் பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்தவர். அவர்களுக்குத் தெரிந்த நீதி ஒன்றுதான்: இரண்டு பக்கத்தையும் கூப்பிடு, பெரியவர்கள் உட்கார், கேள், எழுதி வாங்கு, சமாதானமாக்கு. வரப்புத் தகராறை அப்படித்தான் தீர்த்தார்கள். பதினாலு வயசுப் பிள்ளைக்கும் நாற்பத்தைந்து வயசு வாத்தியாருக்கும் நடுவில் அது எப்படிச் செல்லும்? அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரும் அவளுக்கு மார்க் போடுகிறவர், டி.சி. கொடுக்கிறவர், அவள் அப்பாவுக்கு லோடு சொல்லிவிடுகிறவர். யார் எதிரே நிற்கிறாளோ அவருக்கு வேண்டிய பதிலைத்தான் சொல்லுவாள். உண்மையைத் தெரிந்துகொள்கிறோம் என்று அவர்கள் நிஜமாகவே நம்பினார்கள். அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

மத்தியானம் சைல்டுலைன்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். அப்போது அந்த எண்ணுக்கு வரும் அழைப்புகளை மாவட்டங்களில் தொண்டு நிறுவனங்கள் பார்த்துவந்தன. 2023இல்தான் அரசே எடுத்துக்கொண்டது. ஹெச்.எம். காட்டிய கடிதத்தை அந்தப் பெண் வாங்கிப் பார்த்தார், எதுவும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். நேரே வீட்டுக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்டார்.

அவளுடைய அம்மா கையில் தீப்பெட்டி மருந்துக் கறையோடு வந்து உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னதும் முதலில் பிள்ளையை அடிக்கக் கை ஓங்கினார். பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. "கட்டிக் குடுக்க வேண்டிய புள்ள டீச்சர். கேஸுன்னு போனா நாளைக்கு எவன் வருவான்?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தச் சைல்டுலைன் பெண்தான், "அக்கா, இப்ப அவளுக்கு ராத்திரி தூக்கம் வருதான்னு கேளுங்க. கல்யாணத்தைப் பத்தி அப்புறம் பேசுவோம்" என்றார். அம்மா திரும்பி மகளைப் பார்த்தார். அன்று சாயங்காலம் புகார் எழுதியது அம்மாதான்.

மகளிர் காவல் நிலையத்திலிருந்து வந்த சப்-இன்ஸ்பெக்டர் சேலை கட்டி வந்திருந்தார். யூனிஃபார்மில் பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்கக் கூடாது, பிள்ளை விரும்பும் இடத்துக்குப் போய்த்தான் வாங்க வேண்டும் என்று சட்டத்தில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தவர். அடுப்படியில் அம்மா பக்கத்தில் உட்கார வைத்து, அவசரப்படாமல் கேட்டார். ஹெச்.எம். அறையில் ஒரு வரிகூடத் தடுமாறாமல் எழுதியவள் அங்கே அழுதழுது, முன்னுக்குப் பின் மாற்றி மாற்றிச் சொன்னாள். மெசேஜ்களை அவள் அழித்திருந்தாள். ஆனால் ரீசார்ஜை அழிக்க முடியவில்லை. வாத்தியார் கணக்கிலிருந்து மாதா மாதம் அந்த நம்பருக்குப் பணம் போயிருந்தது, என்.எம்.எம்.எஸ். தேர்வு முடிந்த பிறகும்.

அவர் கைதான அன்று ஊர் இரண்டாகிவிட்டது. என் வண்டி டயரை யாரோ கிழித்தார்கள். ஆசிரியர் சங்கத்தில் முதலில் அவருக்காக ஒரு நோட்டீஸ் அடித்து, பிறகு ரீசார்ஜ் விவரம் வெளியே வந்ததும் சத்தம் காட்டாமல் விட்டுவிட்டார்கள். "தொடவே இல்லையாம், மெசேஜ்தானாம்" என்று டீக்கடையில் பேசினார்கள். போனில் விடாமல் தொந்தரவு செய்வதும் அதே சட்டத்தில் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்பது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. தொட்டிருக்கிறார் என்று தெரிந்தபோது, "அவ ஏன் அப்பவே சொல்லல" என்று மாறிக்கொண்டது பேச்சு. சாதிக் கணக்கும் ஓடியது. பையன்களைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. பெண்பிள்ளைகளுக்குப் பெண் ஆசிரியைகளையே போட்டுவிட்டால் தீர்ந்தது என்றார் பி.டி.ஏ. தலைவர். 2007இல் மத்திய அரசு வெளியிட்ட, 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் பாதிக்கு மேல். அவர்களில் பையன்கள்தான் கொஞ்சம் அதிகம். அந்தத் தாளை அவரிடம் காட்டினேன். "அது வடக்க எடுத்ததா இருக்கும்" என்றார்.

இருட்டிய பிறகு சில அம்மாக்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். எங்க புள்ளைக்கும் மெசேஜ் வந்துச்சு, எங்க பேரு மட்டும் வெளிய வரக் கூடாது என்றார்கள். ஒருவர் மட்டும் பின்னால் சாட்சிக்கு ஒத்துக்கொண்டார்.

எனக்கு மெமோ வந்தது. தலைமை ஆசிரியரின் முன் அனுமதியின்றி வெளியாருக்குத் தகவல் தெரிவித்தது ஏன்? 19ஆவது பிரிவில் அனுமதி என்ற பேச்சே இல்லை, 21ஆவது பிரிவில் தலைமை ஆசிரியருக்கு என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளவும் என்று பதில் எழுதினேன். அதற்கப்புறம் அந்த ஃபைல் எங்கே போனதென்று தெரியாது. நவம்பரில் கோயம்புத்தூரில் ஒரு மாணவி உயிரை மாய்த்துக்கொண்ட பிறகுதான் மாநிலம் முழுவதும் காரியங்கள் வேகமாக நடந்தன. பாடப் புத்தகங்களில் 14417, 1098 என்ற உதவி எண்கள் ஏறின. 'மாணவர் மனசு' என்று புகார்ப் பெட்டி வந்தது. எங்கள் பெட்டியை, அதற்குள் வந்திருந்த புது ஹெச்.எம். தன் அறை வாசலில், கேமராவுக்கு நேர் கீழே மாட்டச் சொன்னார். எந்தப் பிள்ளை அங்கே போய்ச் சீட்டு போடும்? சத்துணவு அக்காதான் வாட்ச்மேனிடம் சொல்லி, கழிவறைக்குப் போகும் வழியில் மாற்றி மாட்ட வைத்தார். அடுத்த வாரம் திறந்தபோது பெட்டியில் நிறையச் சீட்டுகள் இருந்தன. பாதி, கழிவறையில் தண்ணீர் வரவில்லை என்பது. அதுவும் புகார்தானே.

பிள்ளையை அத்தை ஊரில் வேறு பள்ளியில் சேர்த்தார்கள். டி.சி. வாங்கிக்கொண்டு அம்மா நேரே என்னிடம் வந்து, நடத்தை என்ற கட்டத்தில் விரலை வைத்து, "இதுல ஏதாச்சும் எழுதிருக்காகளா?" என்று கேட்டார். 'நன்று' என்றுதான் இருந்தது. வாசித்துக் காட்டிய பிறகும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

பிள்ளையின் சாட்சியத்தை முப்பது நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், ஒரு வருடத்துக்குள் வழக்கை முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். அவள் கோர்ட்டுக்கு வந்தபோது பத்தாம் வகுப்பு பப்ளிக் முடித்திருந்தாள். கணக்கு சாரைப் பார்க்காதபடி நடுவில் திரை போட்டிருந்தார்கள். போக்சோ கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் பிள்ளையை நேராகக் கேள்வி கேட்கக் கூடாது. நீதிபதியிடம் சொல்லி, நீதிபதிதான் கேட்க வேண்டும். இதெல்லாம் ஒழுங்காக நடந்தது என்று அம்மா சொன்னார். ஆனால் வக்கீல் கொடுத்த கேள்விகளில் முக்கால்வாசியும் ஒரே காகிதத்தைச் சுற்றித்தான். இது உன் கையெழுத்தா? யாராவது சொல்லி எழுதினாயா? யாரும் சொல்லவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாயே? பள்ளி முத்திரை, தேதி, ஹெச்.எம். கையெழுத்து எல்லாம் சுத்தமாக இருந்த கடிதம். எதிர்த்தரப்பின் ஆவணமாக அது உள்ளே வந்திருந்தது. என்னையும் கூண்டில் வைத்து அதைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டார்கள். பீரோவில் இருந்த என் குறிப்பில் அன்றைய தேதியும் நேரமும் இருந்ததால், கடிதத்துக்கு முந்தின நாளே அவள் சொல்லியிருக்கிறாள் என்று நிற்க முடிந்தது.

2024இல் தீர்ப்பு வந்தது. தண்டனை. அதிகாரத்தில் இருப்பவர்கள் முன்னிலையில் பிள்ளையிடம் எழுதி வாங்கிய கடிதத்தை ஏற்க முடியாது என்று நீதிபதி எழுதியிருந்தார். கணக்கு சார் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் அப்பீல் போட்டிருக்கிறார்.

போன மாதம் அம்மா போன் செய்தார். பிள்ளை நர்சிங் சேர்ந்திருக்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள். மதுரையிலிருந்து மறுபடி அவளைக் கூப்பிடுவார்களா என்பதுதான் அவருடைய கவலை.

"பொதுவா கூப்பிட மாட்டாங்கம்மா. இங்க நடந்த கேஸ் பேப்பர வச்சுத்தான் பார்ப்பாங்க."

"எல்லாப் பேப்பரும் அங்க போகுமா?"

"எல்லாம் போகும்."

"அந்தக் கடுதாசியுமா டீச்சர்? ஜட்ஜையா அது செல்லாதுன்னுட்டாகள்ல?"

செல்லாது என்று தீர்ப்பில் இருக்கிறது, ஆனால் கடிதமும் ஃபைலோடுதான் போகும் என்றேன். அப்படியென்றால் மதுரையில் யாருக்கு எழுதிப் போட்டால் அதை எடுப்பார்கள் என்று கேட்டார்.